மேழி இலச்சினை



நம் சங்கத்திற்கு இலச்சினை ஒன்று வேண்டுமென்றும், அதிற் சிங்கமும் முடியும் வாளும் இலங்கவேண்டுமென்றும் அன்பர் சிலர் விழைகின்றனர். அவர் ஆர்வம் போற்றற்குரியதே. எனினும், இலச்சினை கண்ணுக்கினிய சித்திரம் மட்டுமன்று; தாம் இன்னார் என்று பொறித்தோர் உலகிற்கு எழுதிக்கொடுக்கும் சாசனமாம்.

சோழரது திருவாலங்காட்டுச் செப்பேட்டின் முத்திரையை நோக்குமின். அமர்ந்த புலியின் அருகே பாண்டியர் கயலிரண்டும் சேரர் வில்லும் உள. பிறர் இலச்சினைகளைத் தம் வட்டத்துள் அடக்கியமையே அதன் பொருள். நாடு வென்றார்க்கு அது தகும். நாம் வென்ற நாடு யாது?

மேலைத்தேயத்து வழக்கும் அறியத்தக்கது. ஸ்காட்லாந்தில் 1672ஆம் ஆண்டு முதல் இலச்சினைகளுக்கெனப் பதிவேடு உண்டு. ஆங்குக் கேடயத்து இலச்சினை குலம் முழுமைக்கும் உரியதன்று, தனியொருவர்க்கே உரியது. ஏனைக் குலத்தார் தலைவனது முடிச்சின்னத்தை வாரும் கொளுவியும் சூழ அணிவர். 'யான் இவரைச் சார்ந்தவன்' என்பதே அவ்வாரின் பொருள். தமக்கில்லாத உரிமையைத் தமதென்னாத அந்நாணம் எனக்குப் பெரிதும் உவப்பாயிற்று.

இனி, நமக்கு அணித்தான சான்று ஒன்று. கி.பி. 12, 13ஆம் நூற்றாண்டுகளிற் சித்திரமேழிப் பெரியநாட்டார் என்னும் உழவர் பெருங்கூட்டத்தார் சிறந்து விளங்கினர். அவர் தம்மைப் பூமிதேவியின் புத்திரர் என்றனர். மேழியையே தெய்வமெனக் கொண்டனர். அவர்தம் சாசனக் கற்களில் அம்மேழி பொறிக்கப்பட்டிருத்தலை இன்றுங் காணலாம். கோயிலுக்கு விளைவிற் பங்கு வகுத்தளிக்கும் செல்வாக்குடைய அவர்க்கே மேழி பெருமையாயின், நமக்கு முடி எதற்கு?

ஆயினும் மேழியை எளிதில் எடுத்துக்கொள்ளல் இயலாது. மேழியென்பது முதற்கண் கலப்பையின் கைப்பிடி. ஆகுபெயராய் முழுக் கலப்பையையும் உணர்த்தும். அப்பிடியைப் பற்றிய கை எவருடையது? நம் முன்னோருள் உழுதாரும் உளர்; வரப்பில் நின்று உழுவித்தாரே மிகப் பலர். வெயிலிற் சாலோட்டியவர் நம் வீட்டுப் புறக்கடையில் நின்று கூலிநெல் பெற்றுச் சென்றனர். அவர் பெயர் நம் அங்கத்தினர் ஏட்டில் இல்லை; அவர் பேரப்பிள்ளைகள் நம் கல்வி நிதியில் ஒரு காசும் பெறுதற்கு விதியில்லை. இந்நிலையில் அவர் கைக்கருவியை நம் கொடியிற் பொறித்தல் இரவற் பெருமையன்றோ?

ஆதலின் இரண்டு தீர்மானங்களை ஒருங்கே முன்வைக்கின்றேன். இலச்சினையின் நடுவே மேழியும் இருமருங்கும் குத்துவிளக்கும் அமைக. நம் நிலங்களில் உழைத்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் கல்வி நிதி உரியதென விதி திருத்தப்படுக. பின்னது நிறைவேறாதாயின், முன்னதனை யான் திரும்பப் பெற்றுக்கொள்வேன். அப்பொழுது அன்பர்கள் விரும்பிய சிங்கத்தையே வரைந்துகொள்க; அதற்கு உரிமை கோரி வருவார் எவருமிலர்.