பறை காய்ச்ச ஓர் இடம்



பறைக்கு முதலில் வேண்டியது மேடையல்ல, நெருப்பு. வைக்கோல் தீயில் தோலைக் காய்ச்சினாத்தான் அடி பேசும். இதை எந்த வாடகை அறையில செய்யறது? புகை வந்த அன்னைக்கே வீட்டுக்காரர் சாவியைக் கேட்டார். வாயில் 'சத்தம்'னு சொன்னார். கண்ணு தோல் மேல இருந்தது.

காஸ்ட்லெஸ் கலெக்டிவின் முதல் நிகழ்ச்சி 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்துப் பள்ளி மைதானத்தில்தான் நடந்தது, சபாவில் அல்ல. சேரிகளைக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று வெளியே தூக்கிப் போட்டபோது கானா பாடிய தெருமுனையும் சேர்ந்தே போச்சு. அடுக்குமாடியில் எங்கே தீ மூட்டுவது?

நாங்கள் கலையரங்கம் கேட்கவில்லை. மாநகராட்சி சமுதாயக்கூடத்தில், கல்யாணம் இல்லாத நாட்களில், மாலை மூணு மணி நேரம், எங்க கூலிக்குக் கட்டுப்படியாகிற வாடகை. பக்கத்தில் பத்தடி மண்தரை. மனு அந்த மேசையில் இருக்கு. கையெழுத்துப் போட்டுட்டு டீ குடிக்கப் போகலாம்.