உள்ளே தாழ்ப்பாள் உள்ள கதவு

கோயம்புத்தூருக்கு வெளியே ஓர் அறக்கட்டளை நடத்தும் முதியோர் குடியிருப்புக்கு நான் மேலாளர். பதினொரு வருஷமாச்சு. இப்போது 42 பெரியவர்கள் இருக்கிறார்கள். வெளியில் யாரைப் பார்த்தாலும், "தினமும் வயசானவங்களையே பார்த்துட்டு இருக்கீங்களே, மனசுக்குக் கஷ்டமா இல்லையா?" என்றுதான் கேட்பார்கள். கஷ்டம் உண்டுங்க. ஆனால் இந்த வேலை திருப்பி என்ன தருகிறது என்று யாரும் கேட்டதில்லை. இன்றைக்கு அதைப் பற்றிப் பேசலாம்.

முதலில், எங்கள் இடம் எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். இது ஆஸ்பத்திரி கிடையாது. தனியாக வாழ மனசு இருக்கிறது, ஆனால் ஒன்றிரண்டு விஷயத்துக்கு மட்டும் ஒரு கை தேவைப்படுகிறது என்பவர்களுக்கான இடம். அந்த ஒன்றிரண்டு எது என்று கண்டுபிடிக்க ஒரு பழைய அளவுகோல் இருக்கிறது. சிட்னி காட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1963-ல் வெளியிட்டது. குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை போய்வருவது, கட்டிலிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுவது, மலஜலம் அடக்க முடிவது, சாப்பிடுவது என்று ஆறு விஷயங்கள். புதிதாக ஒருவர் வந்தால் இந்த ஆறையும் பார்ப்போம். குளிக்க மட்டும் உதவி வேண்டுமென்றால் அதற்கு மட்டும்தான் ஆள் போகும். மற்ற ஐந்திலும் யாரும் கை வைக்கக் கூடாது. சேலைக்குக் கொசுவம் வைக்க அரை மணி நேரம் ஆனாலும் அவரே வைக்கட்டும். நாம் வைத்துவிட்டால் இரண்டு நிமிஷம்தான். ஆனால் ஆறு மாதத்தில் அந்தக் கைக்கு அந்த வேலை மறந்தே போகும்.

இந்த மாதிரி இடங்களுக்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் கெரன் பிரௌன் வில்சன். அவருடைய அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயதில் பக்கவாதம் வந்து, வாழ்க்கை நர்சிங் ஹோமிலேயே என்றாகிவிட்டது. அந்த அம்மா கேட்டதெல்லாம் தனக்கென்று ஒரு சின்ன அறை, ஓர் அடுப்படி, பூட்டிக்கொள்ள ஒரு கதவு. 1983-ல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், போர்ட்லாண்ட் நகரத்தில், வில்சன் அப்படியொரு குடியிருப்பைத் திறந்தார். ஒவ்வொரு வீட்டுக்கும் கதவு, அந்தக் கதவுக்குப் பூட்டு. சாவி குடியிருப்பவர் கையில். உள்ளே வரவேண்டுமானால் ஊழியர்கள் தட்டிவிட்டுத்தான் வரவேண்டும்.

இதெல்லாம் பெரிய விஷயமா என்று தோன்றலாம். எங்கள் இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். எழுபத்தெட்டு வயது அம்மா ஒருவர். ஒருமுறை கீழே விழுந்து இடுப்பில் அடிபட்டுத் தேறியவர். வெளிநாட்டில் இருக்கும் மகன் போன் பண்ணி, "சார், உள்தாழ்ப்பாளைக் கழட்டிடுங்க. ராத்திரி விழுந்தா யாரு கதவ உடைக்கிறது?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அம்மாவிடம் பேசினேன். "தம்பி, கல்யாணமாகி வந்த நாள்லருந்து ராத்திரி தாழ் போடுறது நான்தான். அதையும் எடுத்துட்டா, நான் இங்க விருந்தாளிதான?" என்றார்.

உள்ளே தாழ் போட்டாலும் வெளியிலிருந்து சாவியால் திறக்கிற பூட்டு கடையில் கிடைக்கிறது. அதை மாட்டினோம். கட்டிலிலிருந்து குளியலறை வரைக்கும் சுவரில் கைப்பிடிக் கம்பி, இரவு விளக்கு, தலைமாட்டில் அழைப்பு மணி. பிறகு மூன்று பேரும் வீடியோ காலில் உட்கார்ந்து பேசினோம். "விழ வாய்ப்பே இல்லைன்னு என்னால சொல்ல முடியாதுங்க, ஆனா இது அம்மாவோட முடிவு" என்று மகனிடம் வெளிப்படையாகவே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் சம்மதித்தார். இன்றைக்கும் ராத்திரி ஒன்பது மணிக்கு அந்தத் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் வராந்தாவில் கேட்கும். எனக்குக் கிடைக்கிற சம்பளத்தில் அதையும் சேர்த்துத்தான் கணக்கு வைத்திருக்கிறேன்.

அடுத்தது பணம். லாப நோக்கம் இல்லாத இடம் என்றால் எல்லாம் இலவசம் என்று நினைக்கிறார்கள். இல்லைங்க. மாதக் கட்டணம் உண்டு. மிச்சம் வந்தால் அதை யாரும் வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. அது குடியிருப்புக்கே திரும்பும், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் அந்த வித்தியாசம் பெரியது. ஓய்வுபெற்ற ஐயா ஒருவர், கையிலிருந்த சேமிப்பெல்லாம் மனைவியின் வைத்தியத்துக்குப் போய், கட்டணம் கட்ட முடியாத நிலைக்கு வந்தார். பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு ஆபீஸுக்கு வந்து, "கணக்கு முடிச்சுக் குடுத்துருங்க" என்றார். குறைகிற தொகையை எங்கள் உதவி நிதியிலிருந்து போடுவதென்று அறங்காவலர் கூட்டத்தில் முடிவானது. சாப்பாட்டு மேஜையில் யார் முழுக் கட்டணம், யார் பாதி என்று யாருக்கும் தெரியாது. ஊழியர்களுக்கும் தெரியாது.

நன்கொடை தருகிறவர்களுக்கு ஒன்று சொல்ல ஆசை. பிறந்தநாளுக்கு மதியச் சாப்பாடு போட நிறையப் பேர் வருகிறார்கள். ஒரே வாரத்தில் நான்கு நாள் பாயசம் வரும். பாதிப் பேருக்கு சர்க்கரை வியாதி. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு மணி அடித்தால் எழுந்து ஓடுகிற அக்காவின் சம்பளத்துக்கு நான் பணம் தருகிறேன் என்று கேட்டு வருகிறவர்கள் ரொம்பக் குறைவு. எங்கள் செலவில் பெரும்பகுதி அந்தச் சம்பளம்தான். நல்ல ஆள் வேறு இடத்துக்குப் போய்விட்டால், பெரியவர்கள் தங்கள் உடம்பை மறுபடி ஒரு புது ஆளிடம் பழக்க வேண்டும். அந்தக் கூச்சம் எண்பது வயதிலும் போவதில்லை.

கடைசி நாட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். முன்கூட்டியே கேட்டு எழுதி வைக்கிறோம்: ஆஸ்பத்திரியா, இங்கேயேவா, யார் பக்கத்தில் இருக்க வேண்டும், யாருக்கு முதலில் சொல்ல வேண்டும். கேட்பதற்கு நமக்குத்தான் தயக்கம், அவர்கள் தெளிவாகச் சொல்வார்கள். ஒருவர் கேட்டபடியே அது நடந்துவிட்டால், அழுகையோடு ஒரு நிம்மதியும் வரும்.

நேயர்களில் யாராவது அப்பா அம்மாவுக்காக இடம் தேடிக்கொண்டிருந்தால், தோட்டத்தையும் வரவேற்பறையையும் பார்த்து முடிவு பண்ணாதீர்கள். ராத்திரி எத்தனை பேர் வேலையில் இருப்பார்கள் என்று கேளுங்கள். அங்கே குடியிருக்கிற ஒருவரிடம், காலையில் எத்தனை மணிக்கு எழுவது என்று யார் முடிவு செய்கிறார்கள் என்று கேளுங்கள். முக்கியமாக, உங்கள் அப்பா அம்மாவையும் கூட்டிப்போய்க் கேளுங்கள். மூத்த குடிமக்களுக்கான உதவி எண் 14567, கட்டணம் இல்லை. குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.