ஊசிமுனையும் உயிர்க்காப்பும்

சொந்த ஊரை விட்டுப் பல நூறு மைல்களுக்கு அப்பால், மும்பையிலும் டில்லியிலும் கொல்கத்தாவிலும் வாழ்ந்துவரும் நம்மோடு, நம் பழக்கங்கள் வந்ததைப் போலவே சில அச்சங்களும் வந்து சேர்ந்திருக்கின்றன. "கட்டியில் ஊசி குத்தலாகாது, குத்தினால் கிளறிவிட்டு உடம்பெல்லாம் பரவிவிடும்" என்பது அவற்றுள் ஒன்று. மார்பில் கட்டி கண்ட பெண்ணிடம் வீட்டிலுள்ள பெரியவர்கள் அன்பினால்தான் இதனைக் கூறுகின்றனர். அந்த அன்பே சில வேளைகளில் உயிருக்கு உலை வைத்துவிடுகிறது. இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் புதிதாகத் தோன்றியதாகக் கணக்கிட்டுள்ளனர். ஆதலின் இவ்வச்சம் எவ்வளவு மெய்யானது என்று ஆராய்வது நம் கடமையாகும்.

மார்பில் தோன்றும் கட்டிகளுள் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. ஆயினும் எது புற்று, எது வெறுங்கட்டி என்பதைத் தொட்டுப் பார்த்தும் படம் எடுத்தும் மட்டுமே உறுதியாகச் சொல்லிவிட முடியாது. கட்டியிலிருந்து சிறு துணுக்கு எடுத்து, நுண்பெருக்கியில் வைத்துக் காண வேண்டும். இதனையே மருத்துவர்கள் பயாப்ஸி என்கின்றனர். திசுச் சோதனை என்று நாம் சொல்லலாம்.

முற்காலத்தில் இச்சோதனை எவ்வாறு நடந்தது தெரியுமா? பெண்ணை மயக்கத்தில் ஆழ்த்திக் கட்டியை அறுத்தெடுப்பார்கள். துணுக்கை உறையவைத்து உடனே சோதிப்பார்கள். புற்று என்று கண்டால் அதே மேசையிலேயே மார்பு முழுவதையும் அகற்றிவிடுவார்கள். கண் விழிக்கும்வரை தனக்கு நேர்ந்தது இன்னதென்று அவள் அறியாள். 1974ஆம் ஆண்டில் தம் மார்பில் கட்டியைக் கண்ட அமெரிக்கப் பத்திரிகையாளர் ரோஸ் குஷ்னர் அம்மையார் இம்முறையை எதிர்த்து எழுதினார், வாதாடினார். 1979ஆம் ஆண்டில் அந்நாட்டுத் தேசியச் சுகாதார நிறுவனங்கள் கூட்டிய வல்லுநர் குழு, சோதனையையும் சிகிச்சையையும் தனித்தனியே நடத்துவதே பெரும்பாலோர்க்கு ஏற்றது எனப் பரிந்துரைத்தது. நோயாளி தன் நோயை அறிந்து, சிந்தித்து, இசைவு தருவதற்கு அதனால் வழி பிறந்தது.

இன்று வழங்கும் முறைகள் மூன்று. முதலாவது நுண்ணூசிச் சோதனை. இரத்தம் எடுக்கும் ஊசியைவிடப் பருமனில் மிகாத ஊசியால் சில உயிரணுக்களை உறிஞ்சி எடுப்பது இது. எளியது, செலவு குறைந்தது, முடிவும் விரைவில் கிடைக்கும். ஆனால் புற்று தோன்றிய குழாய்க்குள்ளேயே அடங்கியிருக்கிறதா, வெளியே ஊடுருவிவிட்டதா என்பதை இது பிரித்துச் சொல்லாது.

இரண்டாவது தடித்த ஊசிச் சோதனை. அவ்விடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, இரண்டு மில்லிமீட்டர் அளவு பருமனுள்ள ஊசியால் மெல்லிய சதைத் துணுக்குகளை எடுப்பார்கள். இதனால் புற்றின் வகையும், ஈஸ்ட்ரோஜன் போன்ற இயக்குநீர்களுக்கு அது கட்டுப்படுமா என்பதும், ஹெர்-2 என்னும் புரதம் மிகுந்துள்ளதா என்பதும் தெரியவரும். மருந்தைத் தேர்ந்தெடுப்பது இவற்றைப் பொறுத்ததே. எனவேதான் இந்நாளில் இம்முறையே முதன்மை பெற்றிருக்கிறது.

மூன்றாவது கத்தியால் அறுத்து எடுப்பது. ஊசியின் முடிவும் படத்தின் தோற்றமும் முரண்படும்போது இது தேவைப்படலாம்.

ஊசியால் புற்று பரவுமா என்ற கேள்விக்கு இனி வருவோம். ஊசி சென்ற வழியில் சில உயிரணுக்கள் இடம்பெயர்வது உண்டு. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை வேரூன்றாமல் மடிந்துபோகின்றன. ஊசிச் சோதனை செய்துகொண்டதால் பெண்களின் ஆயுள் குறைந்ததாக ஆய்வுகள் காட்டவில்லை. சோதனையின்றிக் கட்டியை அவசரமாக அறுத்தெறிவதில்தான் உண்மையான இழப்பு இருக்கிறது. ஓரங்களில் புற்று எஞ்சிவிட்டால் மறுபடியும் அறுவை செய்ய நேரும். முதலில் மருந்தால் கட்டியைச் சுருக்கி, மார்பைக் காக்கும் வாய்ப்பும் சிலருக்கு நழுவிவிடும்.

அக்குளிலும் இத்தகைய மாறுதல் வந்துள்ளது. முன்பு அங்குள்ள நிணநீர்க் கணுக்களைப் பெரும்பாலும் அகற்றிவிடுவர். அதனால் கை வீங்கிப் பல பெண்கள் துன்புற்றனர். இப்போது புற்று முதலில் சென்றடையக்கூடிய காவற்கணுக்களை மட்டும் எடுத்துச் சோதிக்கின்றனர். 5,611 பெண்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2010ஆம் ஆண்டில் முடிவு வெளியான அமெரிக்க ஆய்வில், காவற்கணுவில் புற்று இல்லாதோர்க்கு மற்றக் கணுக்களை விட்டுவைத்ததால் ஆயுள் குறையவில்லை என்று தெரிந்தது.

வெளி மாநிலத்தில் வாழும் நம்மிடையே, "ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று மாதங்களைக் கடத்தும் வழக்கம் உண்டு. அது வேண்டுவதில்லை. எடுத்த துணுக்கை மெழுகுக் கட்டியில் பதித்து வைப்பார்கள். அது பல்லாண்டு கெடாது. இருக்கும் ஊரிலேயே சோதனையை முடித்து, அறிக்கையோடு மெழுகுக் கட்டியையும் கண்ணாடித் தகடுகளையும் கேட்டு வாங்கிக்கொண்டால், 1941இல் தோன்றிய மும்பை டாடா நினைவு மருத்துவமனைக்கோ, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954இல் எழுந்த அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கோ அவற்றைக் கொண்டு செல்லலாம். மருத்துவர் பேசும் மொழி புரியாவிடில், அம்மொழி அறிந்த அண்டை வீட்டுப் பெண்மணி ஒருவரைத் துணைக்கு அழைப்பதில் நாணம் கொள்ள வேண்டா.

நம் தாய்மாரும் சகோதரிகளும் மார்பில் ஒரு மாறுதலைக் கண்டு சொல்லும்போது, அதை அடக்கிவிடாமல் செவிகொடுத்துக் கேட்போம். அந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம்.