புற்றுக்குள்ளே ஒரு வேளாண்மை

(விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பேராக் மாநிலத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு ஒரு காலைப்பொழுது மறந்திருக்காது. இரவெல்லாம் மழை. பால்மரம் நனைந்திருப்பதால் அன்று வெட்டு இல்லை, வருமானமும் இல்லை. ஆனால் அம்மா கூடையுடன் காட்டுக்குள் போய் வருவார். கூடை நிறையப் புற்றுக் காளான்! அன்று லயமெங்கும் காளான் குழம்பு மணக்கும்.

ஒரே இரவில் முளைத்தது என்போம். உண்மை அதுவன்று. மேலே தெரியும் குடை, மாமரத்தில் காய்த்த மாங்காய் போன்றது. மரமோ மண்ணுக்குள் வெண்ணிற நூலிழைகளாக ஆண்டு முழுவதும் வாழ்கிறது.

காளான் செடியன்று. பச்சையம் இல்லாததால் அது தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ள இயலாது. புற்றுக் காளானுக்கு உணவு கொண்டுவருவது கறையான். சருகையும் பட்ட மரத்தையும் தின்று, அந்த எச்சத்தால் புற்றுக்குள் தேனடை போன்ற அடை கட்டுகிறது. காளான் இழை அதில் படர்ந்து, கறையானுக்குச் செரிக்காத மரநாரைப் பக்குவமாக்குகிறது. பக்குவமானதைக் கறையான் உண்கிறது. கறையான் உழவன், காளான் பயிர். மனிதன் பயிரிடத் தொடங்கிச் சுமார் 10,000 ஆண்டுகள். கறையானின் வேளாண்மையோ ஏறத்தாழ 3 கோடி ஆண்டுப் பழமையுடையது என்பது அறிவியலார் கணிப்பு.

ரப்பர் மரத்தூளைப் பையில் அடைத்துச் சிப்பிக் காளான் வளர்க்கிறார்கள். புற்றுக் காளானை அப்படி வணிக முறையில் விளைவிக்க இயலவில்லை. கறையான் இல்லையேல் அது இல்லை.

மண்ணுக்குள் இருப்பதெல்லாம் நன்மையே என்று சொல்லமாட்டேன். பழைய அடிக்கட்டைகளில் தங்கி, வேர்வழியே மரத்துக்கு மரம் பரவும் வெள்ளை வேர் நோயும் ஒரு பூசணமே. இலை மஞ்சளிக்கும்போது வேர் பெரும்பாலும் கெட்டுவிட்டிருக்கும். மேலே பார்த்து மண்ணை எடைபோட முடியாது என்பதைத் தோட்டத்து மக்கள் நன்கறிவார்கள்.

1877இல் கோலகங்சாரில் ஊன்றிய ரப்பர் கன்றுகளின் வழிவந்த தோட்டங்கள் பல, இன்று செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. மண்வாரி இயந்திரத்தின் முன் எத்தனையோ புற்றுகள் தரைமட்டமாயின. எஞ்சியவற்றுள் கோயில் வளாகப் புற்றுகளும் உண்டு. அம்மனாகக் கண்டு மஞ்சள் குங்குமம் இட்டு நாம் காத்தவை அவை.

திருப்பணிக்கு வாரி வழங்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். புற்றுக்குக் கூரை அமைக்கிறோம், நல்லது. ஆனால் சுற்றிலும் சிமெண்டு பூசிக் கல் பதித்துவிட்டால், கறையான் இரை தேடும் மண் மூடப்படுகிறது. சருகும் கிடைப்பதில்லை. நாளடைவில் நாம் வணங்குவது உயிரற்ற மண்மேடாகிவிடக்கூடும்.

ஆகவே, புற்றைச் சுற்றி இயன்ற அளவு மண்ணை மண்ணாகவே விட்டுவையுங்கள். அருகில் ஒரு மரம் நிற்கட்டும். அதன் சருகு அங்கேயே விழட்டும். உபயதாரர் பெயரைப் பொறிக்க அங்கே கல் இராது. ஆனால் மழை பெய்த ஒரு காலையில், நம் பேரப்பிள்ளைகள் அங்கே வெண்குடைகளைக் காண்பார்கள்.