பொதுப்பள்ளி யாருடைய பள்ளி?

(நம் பங்கின் யூபிலி விழாவையொட்டி நடைபெற்ற கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

யூபிலி என்றதும் கொடியேற்றமும் தேர்ப்பவனியும் அன்னதானமும் நம் நினைவுக்கு வருகின்றன. இவையெல்லாம் வேண்டியவையே. ஆனால் பழைய ஏற்பாட்டில் லேவியர் ஆகமம் சொல்லுகிற யூபிலி ஆண்டுக்கு இன்னொரு பொருளும் உண்டு. கடனால் நிலத்தை இழந்தவனுக்கு நிலம் திரும்புகிற ஆண்டு அது. அடிமைப்பட்டவன் தன் குடும்பத்திடம் திரும்புகிற ஆண்டு அது. அப்படியானால் நம் ஊரில் எளியவன் வீட்டுப் பிள்ளை இழந்த சொத்து எது? அவனுக்கு நிலமில்லை, நகையில்லை. அவனுக்குரிய ஒரே சொத்து நல்ல படிப்பு. அந்தச் சொத்து அவனுக்கு முழுமையாகக் கிடைக்கிறதா என்று கேட்பதே இந்த யூபிலி ஆண்டில் நாம் செய்யத்தக்க நல்ல ஆத்தும சோதனை என்று நான் கருதுகிறேன்.

நம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேரைப் பார்க்காதவர் எவரும் இல்லை. எந்த மதத்தவராயினும் அந்தத் தேர் நகரும் காட்சியில் ஒரு பாடம் உண்டு. எவ்வளவு பெரிய தேரானாலும் ஊரார் வடத்தைப் பிடிக்காவிட்டால் அது நிலையை விட்டு அசையாது. பொதுக்கல்வியும் அத்தகைய தேர்தான். அரசாங்கம் தேரைச் செய்து நிறுத்தலாம். வடம் பிடிக்க வேண்டியவர்கள் நாம். இது வெறும் மேடைப் பேச்சன்று. நம் மாவட்டத்தின் வரலாறே இதற்குச் சாட்சி.

விருதுநகர் சத்திரிய வித்தியாசாலைப் பள்ளியை நீங்கள் அறிவீர்கள். அது எப்படி நடந்தது? வீட்டுக்கு வீடு பெண்கள் உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே வைத்தார்கள். அந்தப் பிடியரிசியும் வணிகர்கள் தந்த மகமையும் சேர்ந்து ஒரு பள்ளியை நடத்தின. கோவிலிலும் தெருவிலும் தள்ளி வைக்கப்பட்ட ஒரு சமூகத்தார் கல்வியால் எழுவோம் என்று முடிவு செய்ததன் பலன் அது. அந்தப் பள்ளியில் சில ஆண்டுகள் படித்து, மேலே படிக்க வழியின்றி நிறுத்திய ஒரு பையன்தான் பின்னாளில் தமிழ்நாட்டின் முதலமைச்சரான காமராசர்.

நம் ஊரிலேயே பென்னிங்டன் நூலகம் இருக்கிறது. நம் பகுதி திருநெல்வேலி மாவட்டத்தோடு இருந்த காலத்தில், 1875இல் தொடங்கப்பட்டது. பெயர் வெள்ளைக்காரக் கலெக்டருடையது. உருவாக்கி வளர்த்தவர்கள் நம் ஊர்ப் பெரியவர்கள். இன்றைக்கும் போட்டித் தேர்வு எழுதும் ஏழைப் பிள்ளைகளுக்கு அது நிழல் தருகிறது.

அடுத்து 1953ஆம் ஆண்டுக்கு வருவோம். அன்றைய சென்னை மாநிலத்தில் கிராமத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு புதிய திட்டம் வந்தது. பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியில் படிக்க வேண்டும்; மீதி நேரம் தகப்பன் செய்யும் தொழிலைக் கற்க வேண்டும். குயவன் மகன் குயவனாகவும், சலவைத் தொழிலாளி மகன் சலவைத் தொழிலாளியாகவும் ஆவதற்கா பள்ளிக்கூடம் என்று மக்கள் கேட்டார்கள். குலக்கல்வித் திட்டம் என்று அதற்குப் பெயரிட்டு எதிர்த்தார்கள். நான் இங்கே கட்சி பேச வரவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத தகப்பன்மார்கூடத் தம் பிள்ளையின் படிப்புக்காக வீதிக்கு வந்தார்கள் என்பதையே சொல்ல வருகிறேன். 1954 ஏப்ரலில் காமராசர் பதவியேற்றார். மே மாதத்தில் அத்திட்டம் கைவிடப்பட்டது. அதே மே மாதத்தில்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி, வெள்ளையருக்குத் தனிப் பள்ளி என்று பிரிப்பது செல்லாது என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கைத் தொடுத்தவர்களும் சாதாரணப் பெற்றோர்களே. கடல் கடந்தும் நியாயம் ஒன்றாகவே இருக்கிறது பாருங்கள்!

பிறகு நடந்ததை நம் வீட்டு மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பசித்த வயிற்றில் எழுத்து ஏறாது என்று உணர்ந்து 1956இல் எட்டயபுரத்தில் மதிய உணவு தொடங்கி வைக்கப்பட்டது. செலவில் ஒரு பங்கை ஊரார் ஏற்றார்கள். 1958 முதல் கல்வித்துறை இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு அவர்களின் முயற்சியால் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர் ஊராக நடந்தன. அந்த மாநாடுகள் நடந்த முறையை நாம் கூர்ந்து கவனிக்க வேண்டும். முதலில் பள்ளியில் இல்லாதவை எவை என்று பட்டியல் எடுத்தார்கள். கரும்பலகை, நாற்காலி, கடிகாரம், சுற்றுச்சுவர், கிணறு, கட்டடம் என்று எழுதினார்கள். பிறகு அவரவர் சக்திக்கு ஏற்ப ஒன்றை ஏற்றுக்கொண்டார்கள். நிலம் தந்தவரும் உண்டு. ஒரு மணிக்கூண்டு தந்தவரும் உண்டு. கொடுத்தவனுக்கு அந்தப் பள்ளி சொந்தப் பள்ளி ஆயிற்று. சொந்தம் என்று வந்த பிறகு, ஆசிரியர் வந்தாரா, பிள்ளை படித்தானா என்று கேட்கும் உரிமையும் தானாக வந்தது.

இவ்வளவும் நடந்த இதே மண்ணில் ஒரு வேதனையும் நடந்தது. சிவகாசி, சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரக் கிராமங்களில் விடியுமுன் ஆலைப் பேருந்து வந்து நிற்கும். தூக்கம் கலையாத குழந்தைகள் தூக்குச் சட்டியோடு தீப்பெட்டி ஆபீசுக்கும் பட்டாசு ஆலைக்கும் ஏறிப் போவார்கள். பள்ளி மணி அடிக்கும்போது அந்தப் பிள்ளைகள் குச்சி அடுக்கிக் கொண்டிருந்தார்கள். இந்த அநியாயத்தை வழக்கறிஞர் எம். சி. மேத்தா உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டு போனார். 1996 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. ஆபத்தான தொழிலில் குழந்தையை வைத்தால் ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் வீதம் முதலாளி கட்ட வேண்டும். அந்தப் பணம் பிள்ளைகளின் நலநிதிக்குப் போக வேண்டும். பிள்ளை பள்ளிக்குப் போக வேண்டும் என்று நீதிமன்றம் கட்டளையிட்டது. தொண்டு நிறுவனங்களும் ஆசிரியர்களும் அருட்சகோதரிகளும் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை அழைத்து வந்தார்கள். பள்ளிக்கூடம் இருந்தால் மட்டும் போதாது, பிள்ளை அங்கே வந்து சேர வழியும் வேண்டும் என்ற பாடத்தை நம் வட்டாரம் நாட்டுக்கே கற்றுத் தந்தது.

சட்டத்தின் கதை இன்னும் நீண்டது. 1950இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியல் சாசனம், பத்தே ஆண்டுகளில் 14 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி அளிக்க அரசு முயல வேண்டும் என்றது. அது உரிமையாகச் சாசனத்தில் சேர 2002 ஆயிற்று. அதற்கான சட்டம் நடைமுறைக்கு வர 2010 ஏப்ரல் 1 ஆயிற்று. பத்தாண்டு என்றது அறுபதாண்டு ஆனது! இடையில் 1966இல் அறிக்கை தந்த கோத்தாரி குழு, பணக்காரப் பிள்ளையும் ஏழைப் பிள்ளையும் தம் வீட்டருகே உள்ள ஒரே பொதுப்பள்ளியில் படிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை இன்னும் ஏட்டளவில்தான் நிற்கிறது.

தமிழ்நாட்டில் மட்டும் நான்கு வகைப் பாடத்திட்டங்கள் இருந்தன: மாநில வாரியம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல். ஒரே தெருவுப் பிள்ளைகள் நான்கு சாதிகளைப் போலப் பிரிந்து படித்தார்கள். பொதுப்பள்ளிக்கான மாநில மேடை போன்ற அமைப்புகளும் ஆசிரியர்களும் பெற்றோர்களும் ஆண்டுக்கணக்காகக் குரல் எழுப்பினார்கள். 2006இல் முனைவர் முத்துக்குமரன் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. 2010இல் சமச்சீர் கல்விச் சட்டம் வந்தது. 2011இல் ஆட்சி மாறியதும் அது தள்ளி வைக்கப்பட்டபோது, பெற்றோர்களும் கல்வி ஆர்வலர்களும் நீதிமன்றம் சென்றார்கள். ஜூன் முதல் ஆகஸ்டு வரை பிள்ளைகள் பாடப்புத்தகம் இல்லாமல் பள்ளிக்குப் போனதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். 2011 ஆகஸ்டு 9இல் உச்ச நீதிமன்றம், பத்து நாளில் நடைமுறைப்படுத்துக என்று தீர்ப்பளித்தது. குடிமக்கள் கேட்டதால் கிடைத்த வெற்றி அது.

ஆனால் அன்பர்களே, புத்தகம் ஒன்றாயிற்றே ஒழியப் பள்ளி ஒன்றாகவில்லை. இதற்கு அரசை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கேட்கத் தெரிந்தவர்கள், அதாவது ஆசிரியர், அலுவலர், கடை வைத்திருப்பவர், மில்லில் நல்ல வேலையில் இருப்பவர் ஆகியோர் தம் பிள்ளைகளைக் கட்டணப் பள்ளிக்கு மாற்றினார்கள். பிள்ளைகளோடு அவர்களுடைய குரலும் போய்விட்டது. அரசுப் பள்ளியில் கழிப்பறைக் கதவு உடைந்தால் மனு எழுதத் தெரிந்த தகப்பன் அங்கே இல்லை. கணக்கு ஆசிரியர் பணியிடம் காலியானால் அதிகாரியைப் போய்ப் பார்க்கத் துணிந்த தாய் அங்கே இல்லை. இருப்பவர்கள் விசைத்தறியிலும் பட்டாசு ஆலையிலும் வயலிலும் அன்றாடக் கூலி பெறுகிறவர்கள். ஒரு நாள் பள்ளிக்கு வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும். கேட்க ஆளில்லாத வீடு எப்படி இருக்குமோ அப்படித்தான் கேட்க ஆளில்லாத பள்ளியும் இருக்கும்.

இதற்கு ஒரு மருந்து சட்டத்திலேயே இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின்படி ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு அமைய வேண்டும். அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். மொத்த உறுப்பினரில் பாதிப் பேர் பெண்கள். பள்ளி நடப்பதைக் கண்காணிப்பதும், வளர்ச்சித் திட்டம் தீட்டுவதும், வரும் நிதி எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும் அவர்கள் கடமை. தமிழ்நாட்டில் 2022இலும் 2024இலும் இக்குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. பின்னதில் முன்னாள் மாணவர்களுக்கும் இடம் தரப்பட்டது. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த கல்வியாளர் வே. வசந்தி தேவி அம்மையார், 2025இல் மறையும் வரை, இந்தக் குழுக்களுக்கு உயிர் ஊட்டவேண்டும் என்றே ஊர் ஊராகச் சென்று பேசினார். அன்று பள்ளிச் சீரமைப்பு மாநாட்டில் ஊரார் பட்டியல் எழுதினார்களே, அதே பட்டியலை எழுதும் அதிகாரத்தை இன்று சட்டமே பெற்றோர் கையில் கொடுத்திருக்கிறது. ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு மட்டும் கூடுகிற குழு வெறும் காகிதக் குழு. அதை நிஜக் குழுவாக்குவது நம் கையில் இருக்கிறது.

ஆகவே இந்த யூபிலி ஆண்டின் நினைவாக நம் பங்கு மக்களிடம் நான்கு விண்ணப்பங்களை வைக்கிறேன்.

முதலாவது: ஒவ்வோர் அன்பியமும் தன் எல்லையில் உள்ள அரசுப் பள்ளி அல்லது நகராட்சிப் பள்ளி ஒன்றைத் தன் பள்ளியாக ஏற்க வேண்டும். அதில் கிறிஸ்தவப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கக் கூடாது. நல்ல சமாரியன் அடிபட்டவனிடம் ஊர் பெயர் விசாரிக்கவில்லை.

இரண்டாவது: அப்பள்ளியில் பிள்ளைகள் படிக்கும் தாய்மார்கள் மேலாண்மைக் குழுவில் சேர ஊக்கம் தர வேண்டும். கூலி வேலைக்குப் போகும் தாயும் வரத்தக்க நேரத்தில் கூட்டத்தை வைக்கும்படி தலைமையாசிரியரிடம் பணிவோடு கேட்க வேண்டும். அவள் வரும் நாளில் அவள் வீட்டுச் சமையலையோ கைக்குழந்தையையோ பக்கத்து வீட்டுச் சகோதரி பார்த்துக் கொள்ளலாம். இது சிறிய உதவிதான். ஆனால் பிடியரிசியும் சிறியதுதானே?

மூன்றாவது: நம்மில் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் பலர் இருக்கிறார்கள். மனு எழுதவும், தீர்மானம் எழுதவும், 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி விவரம் கேட்கவும் அவர்கள் துணை நிற்கட்டும். ஆசிரியரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நம் நோக்கமல்ல. இரண்டு வகுப்பை ஒருவரே சுமக்கும் ஆசிரியருக்கு இன்னோர் ஆசிரியரைக் கேட்டுப் பெற்றுத் தருவதும் இந்தப் பணியில் அடங்கும்.

நான்காவது நம் வீட்டைப் பற்றியது. தனியார் பள்ளிகள் 25 விழுக்காடு இடத்தை நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்குத் தர வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்லுகிறது. 2012, 2014ஆம் ஆண்டுகளில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புகள் சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு இதிலிருந்து விலக்கு அளித்தன. நம் நிறுவனங்களின் தனித்தன்மையைக் காக்க அந்த விலக்கு வேண்டும் என்று வாதிடுவோர் உண்டு. அதில் நியாயமும் உண்டு. ஆனால் சட்டம் தந்த விலக்கை மனச்சாட்சியும் தந்துவிட்டதா? 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட கல்வி பற்றிய அறிக்கை, உலகப் பொருட்செல்வம் இல்லாதோர்மீது தனி அக்கறை கொள்ளும்படி கத்தோலிக்கப் பள்ளிகளைக் கேட்டுக்கொள்கிறது. நம் பள்ளி எதுவாயினும், வாசலில் நிற்கும் ஏழைப் பிள்ளைக்கு அங்கே எத்தனை இடம் என்று நாமே ஆண்டுதோறும் கணக்குப் பார்ப்போம். சட்டம் கட்டாயப்படுத்தாததை அன்பு கட்டாயப்படுத்தட்டும்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. 1982இல் மதிய உணவு சத்துணவாக விரிந்தது. 2022இல் காலை உணவுத் திட்டம் மதுரையில் தொடங்கிற்று; 2024, 2025ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. நன்றியோடு ஏற்போம். ஆனால் தட்டில் விழும் உணவு தரமானதா, கரும்பலகையில் எழுதப்படும் பாடம் பிள்ளைக்குப் புரிந்ததா என்று பார்க்கிற கண் ஊராரின் கண்ணாகவே இருக்க வேண்டும். தலைநகரிலிருந்து யாரும் தினமும் வந்து பார்க்க முடியாது.

பொதுப்பள்ளி யாருடைய பள்ளி? அரசுடையதும் அன்று, ஏழையுடையது மட்டுமும் அன்று. அது ஊருடையது, ஆகவே நம்முடையது. வருகிற வாரமே உங்கள் தெருவுக்கு அருகிலுள்ள பள்ளியின் தலைமையாசிரியரைச் சென்று பாருங்கள். மேலாண்மைக் குழு எப்போது கூடுகிறது என்று கேளுங்கள். இந்த யூபிலிக்கு நாம் ஏற்றும் மெழுகுவர்த்தியின் ஒளி அந்த வகுப்பறைவரை போய்ச் சேரட்டும்.