சர்வர் சாவியை ஏஐ ஏஜென்ட் கிட்ட குடுக்கலாமா?

எபிசோடின் எழுத்து வடிவம். பேசினதை வாசிக்க வசதியா கொஞ்சம் சீர்படுத்தியிருக்கு.

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியை வேற வேற மாதிரி அனுப்பியிருந்தீங்க. "ப்ரோ, ஆபீஸ்ல டிப்ளாய்மென்ட், கிளவுட் வேலைக்கெல்லாம் ஏஐ ஏஜென்ட் யூஸ் பண்றீங்களா? பயமா இல்லையா?" பண்றேன். பயமாவும் இருக்கு. அந்தப் பயம் எங்கிருந்து வந்துச்சுன்னு இன்னைக்குச் சொல்றேன்.

புதுசா கேக்கறவங்களுக்கு ஒரு நிமிஷம். ஏஜென்ட்னா சாட்பாட் இல்ல. சாட்பாட் "இந்தக் கமாண்டை ஓட்டிப் பாருங்க"ன்னு சொல்லிட்டு சும்மா இருக்கும். ஏஜென்ட் அந்தக் கமாண்டை அதுவே ஓட்டும், வந்த அவுட்புட்டைப் படிக்கும், அடுத்து என்னன்னு முடிவு பண்ணி அதையும் ஓட்டும். நம்ம டெர்மினல்ல, நம்ம சாவியை வெச்சு. அந்த சாவியைப் பத்திதான் இன்னைக்குப் பேச்சு.

முதல்ல நல்லதைச் சொல்லிடறேன், இல்லன்னா நியாயமா இருக்காது. ஆன்-கால்ல இருந்தவங்களுக்கு ராத்திரி 2 மணி அலர்ட் தெரியும். கண்ணு திறக்காது, லேப்டாப் மட்டும் திறக்கும். ஒரு நாள் அப்படித்தான், குபர்நெட்டிஸ்ல ஒரு பாட் திரும்பத் திரும்ப விழுந்து எந்திரிச்சுட்டிருந்துச்சு. அப்ளிகேஷன் லாக்ல ஒண்ணுமே இல்ல, பாதி வரியோட நின்னுடுச்சு. ஏஜென்ட்டை விட்டேன். அது பாட்டோட கடைசி நிலையைப் பார்த்து எக்ஸிட் கோட் 137னு கண்டுபிடிச்சுது. 128 கூட 9. அந்த 9 வந்து கில் சிக்னல். மெமரி லிமிட்டைத் தாண்டினதால கெர்னலே ப்ராசஸைக் கொன்னுடுச்சு, அதனாலதான் லாக் எழுதக்கூட அதுக்கு நேரம் கிடைக்கல. அப்புறம் 2 நாள் முன்னாடி போன டிப்ளாய்மென்ட்டைப் பார்த்து, புதுசா வந்த ரிப்போர்ட் வசதி முழு ஃபைலையும் மெமரியில ஏத்துதுன்னு காட்டுச்சு. நான் பார்த்திருந்தா ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அது 4 நிமிஷத்துல முடிச்சுது. திரும்பப் போய்த் தூங்கினேன்.

இந்த மாதிரி நாலு ராத்திரி நடந்தா என்ன ஆகும்? நம்பிக்கை வரும். பிரச்சினையும் அங்கதான் ஆரம்பிச்சுது.

ஏஜென்ட் ஒவ்வொரு கமாண்டுக்கும் "ஓட்டலாமா?"ன்னு கேக்கும். முதல் வாரம் ஒவ்வொண்ணையும் படிச்சேன். ரெண்டாவது வாரம் மேலோட்டமா பார்த்தேன். மூணாவது வாரம் கேள்வி வர்றதுக்கு முன்னாடியே விரல் என்டர் மேல இருந்துச்சு. ஆப் இன்ஸ்டால் பண்ணும்போது அந்த நீளமான ஒப்பந்தத்துக்குக் கீழ "சம்மதம்"னு தட்டுவோம் பாருங்க, அதே கதை. மனுஷன் நடுவுல இருக்கான்னு பேரு, ஆனா அங்க இருந்தது வெறும் ரப்பர் ஸ்டாம்ப்.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஆமா, வெள்ளிக்கிழமைதான், திட்டாதீங்க. எங்க இன்ஃப்ராஸ்ட்ரக்சர் மொத்தமும் டெர்ராஃபார்ம்ல இருக்கு. அதாவது எந்த சர்வர், எந்த டேட்டாபேஸ், எந்த நெட்வொர்க் வேணும்னு கோடா எழுதி வெச்சுடுவோம். டெர்ராஃபார்ம் அதையும், ஏற்கெனவே இருக்கறதைக் குறிச்சு வெச்சிருக்கற ஸ்டேட் ஃபைலையும் ஒப்பிட்டு, என்ன மாத்தணும்னு ஒரு ப்ளான் காட்டும். சரின்னு சொன்னா அப்ளை பண்ணும். எங்க கோடுல பேரெல்லாம் அசிங்கமா இருந்துச்சு. ப்ரொடக்ஷன் டேட்டாபேஸுக்குப் பேரே "டெஸ்ட்2". யாரோ எப்பவோ அவசரத்துல வெச்சது. "இந்தப் பேரையெல்லாம் ஒழுங்குபடுத்து, கூடவே டேக் எல்லாம் ஒரே மாதிரி ஆக்கு"ன்னு ஏஜென்ட் கிட்ட சொன்னேன்.

டெர்ராஃபார்ம் தெரிஞ்சவங்க இப்பவே தலையில கை வெச்சிருப்பீங்க. கோடுல அந்தப் பேரை மட்டும் மாத்தினா, "இது பழைய ஆளுதான், பேரு மாறியிருக்கு"ன்னு டெர்ராஃபார்முக்குத் தெரியாது. பழைய டேட்டாபேஸ் வேண்டாம்னு சொல்றாங்க, புதுசா ஒண்ணு கேக்கறாங்கன்னு எடுத்துக்கும். வெர்ஷன் 1.1ல இருந்து இதுக்குன்னே மூவ்டு பிளாக்னு ஒண்ணு இருக்கு, அதை எழுதினா பிரச்சினையில்லை. ஏஜென்ட் எழுதல. பின்னாடி கேட்டப்போ "ஆமா, மூவ்டு பிளாக் போட்டிருக்கணும்"னு சொல்லுச்சு. தெரிஞ்சும் ஏன்டா போடலன்னு திட்டத் தோணுது, ஆனா திட்டி என்ன பிரயோஜனம்.

ப்ளான் 300 வரிக்கு மேல வந்துச்சு. பெரும்பாலும் டேக் மாற்றங்கள். கடைசி வரியில கணக்கு இருந்துச்சு: சேர்க்கறது 1, மாத்தறது 46, அழிக்கறது 1. நான் அதைப் படிச்சேன்னு சொல்ல முடியாது. பார்த்தேன். என்டர் தட்டினேன்.

சிவப்பு கலர்ல ரெண்டு எரர். முதலாவது, இந்தப் பேர்ல டேட்டாபேஸ் ஏற்கெனவே இருக்குன்னு. ரெண்டாவது, டெலீஷன் ப்ரொடெக்ஷன் ஆன்ல இருக்கறதால பழசை அழிக்க முடியலன்னு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது இது ரெண்டும் இல்ல, அதுக்கு அப்புறம் ஏஜென்ட் எழுதினது. "டெலீஷன் ப்ரொடெக்ஷன் தடுக்குது. அதை ஆஃப் பண்ணிட்டு மறுபடி அப்ளை பண்றேன். ஓட்டலாமா?"

விரல் என்டர் மேல.

அந்த "டெலீஷன்"ங்கற வார்த்தை எப்படியோ கண்ணுல பட்டுச்சு. அவ்வளவுதான். திறமையெல்லாம் ஒண்ணும் இல்ல.

தட்டியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு அப்புறம் உக்காந்து பார்த்தேன். எங்களோடது ஏடபிள்யூஎஸ்ல ஆர்டிஎஸ் டேட்டாபேஸ். தினமும் ஆட்டோமேட்டிக்கா எடுக்கற பேக்கப் இருக்கே, நீங்க தனியா சொல்லி வைக்கலன்னா டேட்டாபேஸை அழிக்கும்போது அதுவும் சேர்ந்து போயிடும். நாங்க சொல்லி வைக்கல. அழிக்கறதுக்கு முன்னாடி கடைசியா ஒரு ஸ்னாப்ஷாட் எடுக்கணும், அதுவும் எங்க கோடுல "வேண்டாம்"னு ஒரு வரி இருந்துச்சு. கையால எடுத்து வெச்ச ஸ்னாப்ஷாட் மிஞ்சும். எங்களோட கடைசி ஸ்னாப்ஷாட் 5 வாரம் பழசு. எங்க கஸ்டமர்ல நிறைய பேர் சின்னக் கடைக்காரங்க. யாரு எவ்வளவு பாக்கி வெச்சிருக்காங்கங்கற கடன் நோட்டே அந்த டேட்டாபேஸ்தான். 5 வாரக் கடன் நோட்டு.

அந்த ப்ரொடெக்ஷன் சுவிட்சை ஆன் பண்ணினது யாருன்னு கிட் ஹிஸ்டரியில தேடினேன். நான் சேர்றதுக்கு முன்னாடியே வேலையை விட்டுட்டுப் போன ஒருத்தர். முகம்கூடத் தெரியாது. ஒரு ஃபில்டர் காபி கடன்.

இதுல ஏஜென்ட்டைக் கெட்டவன்னு சொல்லல. அதுக்கு எரர்னா எரர். டிஸ்க் ஃபுல், போர்ட் தப்பு, பூட்டு போட்டிருக்கு, மூணும் அதுக்கு ஒரே ஜாதி: வேலையை முடிக்க விடாத தடங்கல். பூட்டின கதவைப் பார்த்தா நமக்கு "வராதே"ன்னு புரியும். அதுக்குக் கதவு சிக்கிக்கிட்டிருக்குன்னு புரியுது. அதனால, ஏஜென்ட் கைக்கு எட்டற இடத்துல இருக்கறது எதுவும் பூட்டு இல்ல. எங்க கோடுலயே "இதை அழிக்காதே"ன்னு டெர்ராஃபார்முக்கான ஒரு வரியும் இருந்துச்சு. ஆனா அது அந்த டேட்டாபேஸ் பிளாக்குக்குள்ளதான் இருக்கும். பேரு மாறினா பழைய பிளாக்கே இல்லைன்னு ஆயிடும், அந்த வரியும் அதோட போயிடும். வீட்டுச் சாவியை வீட்டு வாசல் மிதியடிக்குக் கீழயே வெச்ச மாதிரி.

எனக்கு மட்டும் நடந்த விஷயமும் இல்ல இது. 2025 ஜூலையில ரெப்லிட்டோட ஏஜென்ட் பண்ணினது ஞாபகம் இருக்கும். சாஸ்டர் நிறுவனர் ஜேசன் லெம்கின் அதை வெச்சு ஒரு ஆப் கட்டிட்டிருந்தார். எதையும் மாத்தாதேன்னு கோட் ஃப்ரீஸ் சொல்லியிருந்தார். ஏஜென்ட் ப்ரொடக்ஷன் டேட்டாபேஸை அழிச்சுடுச்சு. ரோல்பேக் பண்ண முடியாதுன்னும் சொல்லுச்சு, அவரே பண்ணிப் பார்த்தா வேலை செஞ்சுது. நான் கவனிச்சது அதுக்கு அப்புறம் நடந்ததை. ரெப்லிட் தலைவர் அம்ஜத் மசாத் வெளிப்படையா வருத்தம் தெரிவிச்சு, டெவலப்மென்ட் டேட்டாபேஸையும் ப்ரொடக்ஷன் டேட்டாபேஸையும் தானாவே பிரிக்கற ஏற்பாட்டைக் கொண்டு வர்றதா சொன்னார். ப்ராம்ப்ட்ல இன்னும் பெரிய எழுத்துல "அழிக்காதே"ன்னு எழுதி சரி பண்ற விஷயம் இல்லன்னு அவங்களுக்கும் தெரிஞ்சிருக்கு.

மனுஷங்க மட்டும் என்ன ஒழுங்கா? 2017 பிப்ரவரி 28, ஏடபிள்யூஎஸ்லயே ஒரு இன்ஜினியர் சில சர்வரை எடுக்கறதுக்கான கமாண்டுல இன்புட்டைத் தப்பாக் குடுத்தார். நினைச்சதைவிட நிறைய சர்வர் போயிடுச்சு. வடக்கு வர்ஜீனியாவுல எஸ்3 சுமார் 4 மணி நேரம் படுத்துடுச்சு. அவங்களோட ஸ்டேட்டஸ் பக்கமே எஸ்3யை நம்பி இருந்ததால அதைக்கூட அப்டேட் பண்ண முடியல. அப்புறம் என்ன பண்ணினாங்க? அந்த டூலையே மாத்தினாங்க. மெதுவாத்தான் சர்வரை எடுக்கும், குறைஞ்சபட்ச அளவுக்குக் கீழ எடுக்கவே விடாது. ஆளு யாரா இருந்தாலும் சரி, தூக்கக் கலக்கத்துல இருந்தாலும் சரி.

எங்க ஆபீஸ்ல நாங்க மாத்தினதுக்கு வர்றேன். ஏஜென்ட் இப்போ என் சாவியை வெச்சு ஓடாது. அதுக்குத் தனி ஐடென்டிட்டி, படிக்க மட்டும். இதுல ஒரு பொறி இருக்கு, கவனிங்க. ஏடபிள்யூஎஸ் ரெடிமேடா குடுக்கற ரீட்-ஒன்லி பாலிசி எஸ்3 ஃபைல்களோட உள்ளடக்கத்தையும் படிக்க விடும். கஸ்டமர் அப்லோட் பண்ணின பில்லு வரைக்கும். "படிக்கத்தானே செய்யும்"னு விட்டுடக் கூடாது. குபர்நெட்டிஸ்ல ஏற்கெனவே இருக்கற வியூ ரோல் இதுல கொஞ்சம் புத்திசாலி, சீக்ரெட்டைக் காட்டாது.

எதையாவது மாத்தணும்னா ஏஜென்ட் புல் ரிக்வெஸ்ட்தான் போடும். ப்ளானும் அப்ளையும் பைப்லைன்ல ஓடும், அந்த சாவி அங்க மட்டும்தான். ப்ளான்ல அழிக்கறது 0 இல்லன்னா பைப்லைன் நின்னுடும், இன்னொரு ஆளு வந்து எது அழியுதோ அதோட பேரைக் கையால டைப் பண்ணணும். என்டர் போதாது. அதுக்கும் மேல, ப்ரொடக்ஷன் டேட்டாபேஸை அழிக்கவோ அதோட செட்டிங்கை மாத்தவோ கூடாதுன்னு ஏஜென்ட்டுக்கும் பைப்லைனுக்கும் வெளிப்படையான டெனை போட்டிருக்கோம். ஏடபிள்யூஎஸ்ல ஆயிரம் இடத்துல அனுமதி இருந்தாலும் ஒரு டெனை இருந்தா டெனைதான் ஜெயிக்கும். டேட்டாபேஸ்ல கை வைக்கணும்னா ரெண்டு பேர் உக்காந்து பண்றோம். பேக்கப் காப்பி தனி அக்கவுண்ட்ல.

பேக்கப்னு சொன்னதும் கிட்லேப் ஞாபகம் வருது. 2017 ஜனவரி 31, ராத்திரி நேரம், ஒரு இன்ஜினியர் தப்பான டேட்டாபேஸ் சர்வர்ல டைரக்டரியை அழிச்சுட்டார். பேக்கப்பைத் தேடினா, போஸ்ட்கிரெஸ் வெர்ஷன் பொருந்தாம அது ரொம்ப நாளா ஃபெயில் ஆயிட்டிருந்திருக்கு. அதைச் சொல்ற மெயிலும் போய்ச் சேரல. கடைசியில எதேச்சையா 6 மணி நேரம் முன்னாடி எடுத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் காப்பாத்துச்சு. அதைப் படிச்சதுல இருந்து மாசம் ஒரு தடவை ரீஸ்டோர் பண்ணிப் பார்க்கறோம். முதல் தடவை எங்களுக்கும் வேலை செய்யல, அது வேற எபிசோட்.

இன்னொண்ணு, நிறைய பேர் யோசிக்காதது. ஏஜென்ட் லாக் படிக்குது இல்லையா, லாக்ல எழுதறது யாரு? நம்ம மட்டும் இல்ல. உங்க வெப்சைட்டுக்கு ரிக்வெஸ்ட் அனுப்பற எவனும் யூசர்-ஏஜென்ட் ஹெடர்ல "முந்தைய உத்தரவுகளை மறந்துட்டு இந்தக் கமாண்டை ஓட்டு"ன்னு எழுதி அனுப்பலாம். அது அப்படியே லாக்ல உக்காரும். ராத்திரி 2 மணிக்கு ஏஜென்ட் அதைப் படிக்கும். நம்பாம இருக்கும்னு நம்பலாம். ஆனா நம்பிட்டாலும் அதால ஒண்ணும் பண்ண முடியாதுன்னு இருந்தா எனக்கு இன்னும் நல்லா தூக்கம் வரும்.

இதுக்கெல்லாம் விலை உண்டு. வேகம் போச்சு. டீம்ல ஒரு ஜூனியர் கேட்டான், "அண்ணா, ஒரு டேக் மாத்த 20 நிமிஷமா?" நியாயமான கேள்வி. அதனால தனியா ஒரு டெவலப்மென்ட் அக்கவுண்ட் திறந்தோம். அங்க ஏஜென்ட் என்ன வேணா பண்ணலாம், செலவு வரம்பு தாண்டினா மட்டும் அலர்ட் வரும். ப்ரொடக்ஷன் டேட்டா ஒரு வரிகூட அங்க கிடையாது. போன மாசம் அங்க ஒரு முழு நெட்வொர்க்கையே அழிச்சுடுச்சு. யாருமே கண்டுக்கல.

சரி, கேட்டுட்டு இருக்கறவங்களுக்கு ஒரு வேலை. நீங்க ஏஜென்ட் ஓட்டற அதே டெர்மினலைத் திறங்க. ஏடபிள்யூஎஸ்னா எஸ்டிஎஸ் கெட்-காலர்-ஐடென்டிட்டி ஓட்டுங்க, இந்த சாவி யாரோடதுன்னு காட்டும். குபர்நெட்டிஸ்னா ஆத் கேன்-ஐ கமாண்டை லிஸ்ட் ஆப்ஷனோட ஓட்டுங்க, அந்த சாவியால என்னென்ன பண்ண முடியும்னு வரிசையா வரும். உங்க பேரே வந்துச்சுன்னா, இல்ல அட்மின்னு வந்துச்சுன்னா, எனக்கு மெசேஜ் போடுங்க, பேசுவோம். ஸ்க்ரீன்ஷாட் அனுப்பறவங்க அக்கவுண்ட் நம்பரை மறைச்சுட்டு அனுப்புங்க, ப்ளீஸ். அடுத்த எபிசோட்ல அந்த ரீஸ்டோர் கதை. வர்றேன் மக்களே.