மேகத்துக்குள்ள உங்க காது பொய் சொல்லும்

(ஊரூர் ஒல்காட் குப்பம் கடற்கரையில் ஒரு மாலை நடந்த பேச்சு. படிப்பதற்கு ஏற்றபடி கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

கடலுக்குப் போறவங்க ஊர்ல வந்து வானிலை பத்திப் பேச ஒரு பைலட்டுக்குக் கொஞ்சம் தைரியம் வேணும். அதனால உங்களுக்குத் தெரிஞ்சதை உங்ககிட்டயே விட்டுடறேன். எனக்குத் தெரிஞ்ச ஒரே ஒரு விஷயத்தைச் சொல்றேன். வெளியில ஒண்ணுமே தெரியாதப்ப ஒரு சின்ன விமானத்தை எப்படி ஓட்டறது?

வீட்டுல போய் ஒரு சோதனை பண்ணிப் பாருங்க. சுழல் நாற்காலியில உட்கார்ந்து கண்ணை மூடிக்கோங்க. ஒருத்தரை ஒரே வேகத்துல மெதுவா சுத்தச் சொல்லுங்க. கொஞ்ச நேரத்துல நாற்காலி நின்னுட்ட மாதிரி இருக்கும். ஆனா சுத்திக்கிட்டேதான் இருக்கும். நிறுத்தினா, எதிர்ப்பக்கம் சுத்தற மாதிரி இருக்கும்.

காரணம் உட்காதுல இருக்கு. அங்க மூணு அரைவட்டக் குழாய்கள், உள்ள திரவம். தலை திரும்பறப்ப திரவம் கொஞ்சம் பின்தங்கும். அந்த வித்தியாசத்தைத்தான் மூளை ‘திரும்பறோம்’னு புரிஞ்சுக்குது. ஒரே வேகத்துல திரும்பிக்கிட்டே இருந்தா, 10, 20 வினாடியில திரவமும் குழாயோட சேர்ந்து ஓட ஆரம்பிச்சிடும். உணர்வு போயிடும்.

தரையிலயும் படகுலயும் இந்தத் தப்பைக் கண்ணு திருத்திடுது. தொடுவானம்னு ஒரு கோடு எப்பவும் இருக்கு. மேகத்துக்குள்ள அந்தக் கோடு கிடையாது. எல்லாப் பக்கமும் ஒரே வெள்ளை. விமானம் மெதுவா ஒரு பக்கம் சாஞ்சு திரும்ப ஆரம்பிக்கும். பைலட்டுக்கு நேரா போற மாதிரியே இருக்கும். சாஞ்சதால மூக்கு இறங்கும், வேகம் ஏறும், உயரம் குறையும். உயரம் குறையுதேன்னு அவர் கன்ட்ரோலைப் பின்னால இழுப்பார். சாய்வைச் சரி பண்ணாம இழுத்தா திருப்பம் இன்னும் இறுகும். இதுக்கு ஆங்கிலத்துல வெச்சிருக்கிற பேரு ‘கிரேவ்யார்ட் ஸ்பைரல்’. நம்ம ஊர்ல சொன்னா சுடுகாட்டுச் சுழல்.

1954-ல அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதிச்சுப் பார்த்தாங்க. கருவி வழியா பறக்கப் பயிற்சி இல்லாத 20 பேரை, வெளியே பார்க்க முடியாத நிலையில விமானத்தை ஓட்ட வெச்சாங்க. 20 பேரும் கட்டுப்பாட்டை இழந்தாங்க. சராசரியா 178 வினாடி. மூணு நிமிஷம்கூட இல்ல.

1999 ஜூலை 16 ராத்திரி, ஜான் எஃப். கென்னடி ஜூனியர் ஓட்டின சின்ன விமானம் இப்படித்தான் அட்லாண்டிக் கடல்ல விழுந்தது. பனிமூட்டம், கீழே இருட்டுக் கடல். கருவி வழியா பறக்கும் தகுதியை அவர் இன்னும் வாங்கியிருக்கல. அவரோட சேர்த்து மூணு பேர் இறந்தாங்க.

சரி, அப்ப கருவியை நம்பினா போதுமா? இங்கதான் ரொம்ப பேர் தப்பா புரிஞ்சுக்கறாங்க.

1978 ஜனவரி 1, பம்பாய். ஏர் இந்தியாவின் ‘எம்பரர் அசோகா’, போயிங் 747, ராத்திரி துபாய்க்குக் கிளம்புது. கடல் மேல வந்து வலப்பக்கம் கொஞ்சம் திரும்பி நேராகுது. ஆனா கேப்டன் முன்னால இருந்த செயற்கைத் தொடுவானம், விமானம் இன்னும் வலப்பக்கம் சாஞ்சிருக்குன்னே காட்டுச்சு. அதைச் சரி பண்ண அவர் இடப்பக்கம் சாய்ச்சார். மேலும் சாய்ச்சார். வெளியே இருட்டு. அந்தக் கருவியை நம்பாதீங்கன்னு ஃப்ளைட் இன்ஜினியர் சொல்றது காக்பிட் ஒலிப்பதிவுல இருக்கு. அதுக்குள்ள நேரம் போயிடுச்சு. புறப்பட்டு ரெண்டு நிமிஷம் ஆகறதுக்குள்ள பாந்த்ரா கரைக்கு அப்பால் விமானம் கடல்ல விழுந்தது. 213 பேரும் இறந்தாங்க.

உடம்பு பொய் சொல்லும். கருவியும் பொய் சொல்லும். அப்ப யாரை நம்பறது?

ஒருத்தரை மட்டும் நம்பக் கூடாது. பயிற்சியில இதைத்தான் திரும்பத் திரும்பச் செய்வோம். நான் பயிற்சி கொடுக்கிறப்ப, மாணவர் நெத்தியில ஒரு மறைப்பை மாட்டிடுவேன். வெளியே தெரியாது, கருவிகள் மட்டும் தெரியும். கொஞ்ச நேரம் கழிச்சு ஒரு கருவி மேல மூடியை ஒட்டிடுவேன். மிச்சக் கருவிகளை வெச்சு அது என்ன காட்டியிருக்கும்னு அவர் சொல்லணும். செயற்கைத் தொடுவானம் வலப்பக்கம் சாஞ்சிருக்குன்னு சொல்லுதா? திருப்பம் காட்டும் கருவியைப் பாருங்க. காந்தத் திசைகாட்டியைப் பாருங்க. ரெண்டும் திருப்பமே இல்லைன்னா, தப்பு தொடுவானத்துலதான்.

இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. பழைய செஸ்னா மாதிரி சின்ன விமானங்கள்ல, செயற்கைத் தொடுவானமும் திசை காட்டும் ஜைரோவும் ஒரே வேக்யூம் பம்ப்ல ஓடும். திருப்பம் காட்டும் கருவி கரண்ட்ல ஓடும். உயரமும் வேகமும் வெளிக்காத்து அழுத்தத்துல ஓடும். வேணும்னே இப்படிப் பிரிச்சு வெச்சிருக்காங்க. பம்ப் போனா முதல் ரெண்டும் சேர்ந்தே போகும். அதுவும் சட்டுனு நிக்காது. ஜைரோ மெல்ல மெல்ல வேகம் குறைஞ்சு, மெல்ல மெல்ல சாயும். ஒரே வீட்டுல சாப்பிடற ரெண்டு பேரை ரெண்டு சாட்சியா எடுத்துக்க முடியாது.

இதை இந்தக் கரையில சொல்றதுக்கு ஒரு காரணம் இருக்கு. இப்ப கடலுக்குப் போற தம்பிங்க ஃபோன்ல மூணு வானிலை ஆப் பார்க்கறீங்க. மூணும் ஒரே மாதிரி சொன்னா நிம்மதி. ஆனா பல ஆப்கள் ஒரே உலகளாவிய கணிப்பைத்தான் வாங்கி, வேற வேற கலர்ல காட்டுது. மூணு ஆப், ஒரே சாட்சி.

இந்த ஊர் பாளையம் அண்ணன் காத்து, வெள்ளம், அலை, மீன்னு நாள்தோறும் கவனிச்சுக் குறிச்சு வெச்சவர். வெள்ளம்னா இங்க நீரோட்டம். கேட்கிற சிட்டி மக்களுக்காகச் சொல்றேன். வாடையா, கொண்டலான்னு பார்க்கறது ஒரு சாட்சி. வெள்ளம் எந்தப் பக்கம் இழுக்குதுன்னு பார்க்கறது இன்னொண்ணு. வானிலை மையத்தோட எச்சரிக்கை மூணாவது. மூணும் வேற வேற இடத்துல இருந்து வருது. ஃபோனா, பெரியவங்களான்னு வீட்டுல நடக்கிற சண்டையே தேவையில்லாதது. ரெண்டும் ஒத்துப்போகலன்னா, அதுதான் அன்னிக்குக் கிடைச்ச முக்கியமான தகவல்.

ஒத்துப்போகலன்னா என்ன செய்யறது? இல்லினாய்ஸ் கதைக்கு ஒரு பின்பாதி உண்டு. அதே மாணவர்களுக்குக் கொஞ்சம் பயிற்சி கொடுத்தாங்க. மேகத்தைத் தாண்டிப் போக இல்ல. கருவியைப் பார்த்து 180 டிகிரி திரும்பி, வந்த வழியே வெளியே வர. அதுக்கப்புறம் கிட்டத்தட்ட எல்லா முயற்சியும் வெற்றி.

2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் அன்னிக்கு மீனம்பாக்கத்துல ஒரு விமானம் ஓடுபாதை வரைக்கும் வந்து, ஆடி, திரும்ப மேல ஏறின வீடியோவைப் பார்த்திருப்பீங்க. பார்த்தவங்க பயந்தாங்க. எனக்கு அதுல சரியா நடந்த விஷயம்தான் தெரிஞ்சது. இறங்கறதுக்கு முன்னாலயே ‘சரிவரலன்னா ஏறிடுவோம்’னு முடிவு பண்ணி வெச்சிருப்பாங்க. அந்த நிமிஷத்துல யோசிச்சா, ‘இவ்வளவு தூரம் வந்துட்டோமே’ன்னு மனசு சொல்லும். டீசல் போட்டாச்சு, வலை இறக்கியாச்சு, கடன் இருக்குன்னு படகுல சொல்ற அதே மனசுதான். அதனால எல்லையைக் கரையிலயே போட்டுடணும். இந்த அளவு காத்துன்னா திரும்பறோம், அவ்வளவுதான்.

ஆனா பொறுப்பு முழுக்க கடலுக்குப் போறவங்க தலையிலயும் இல்ல. 2017 நவம்பர் கடைசியில ஒக்கி வந்தப்ப, கன்னியாகுமரிக்காரங்க நிறைய பேர் பல நாள் முன்னாடியே ஆழ்கடலுக்குப் போயிருந்தாங்க. ஃபோன் எட்டாத தூரம். எச்சரிக்கை அவங்களுக்குப் போய்ச் சேரவே இல்ல. பைலட் எனக்கு மேகத்துக்குள்ளயும் ரேடியோவுல ஒரு குரல் கேட்கும். செயற்கைக்கோள் வழியா எச்சரிக்கை தர்ற கருவிகள் இப்ப படகுகளுக்கும் வந்திருக்கு. அது எல்லாப் படகுலயும் இருக்கணும், வேலை செய்யணும். அதைக் கேட்டு வாங்கறது உரிமை.

நான் பேசினது போதும். கேள்வி இருந்தா கேளுங்க. முதல்ல படகு ஓட்டறவங்க கேட்கட்டும்.